நோ எண்டா நோ

அண்மையில் ஒரு கூட்டத்தில் எங்களை வட்டமாக இருத்திவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். அடிக்கடி வயிற்று நோ, தலை நோ என்று வருகிற பிள்ளைகளுக்கு இணையம் வழியாக உளவள உதவி கொடுப்பது பற்றி டொக்டர்மார் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். தூரம் மிச்சம், நேரம் மிச்சம் என்றார் ஒருவர். முகம் பார்க்காத வைத்தியம் வைத்தியமே இல்லை என்றார் இன்னொருவர். என் முறை வந்தபோது, “ஒரே சொல்லை இரண்டு தரம் கேட்கிற ஆள் கிடைத்தால் நல்லதுதான்” என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று வரவில்லை. அவர்களுக்கு உடையார்கட்டுப் பிள்ளையைத் தெரியாது, பாவங்கள்.

அது சமாதான காலம். பாதை திறந்து, வவுனியாவில் இருந்து வன்னிக்குள் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நான் படிப்பை முடித்து, முதல் நியமனமாக உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். தகரக் கூரை. மின்சாரம் வேண்டுமென்றால் ஜெனரேற்றரைப் போட வேண்டும். அதற்கு எண்ணெய் இருக்க வேண்டும். அங்கே பொறுப்பாக இருந்தவரைச் சனம் பெரிய டொக்டர் என்று சொல்லும். சண்டைக் காலம் முழுக்க வன்னியை விட்டு அசையாதவர். மருந்தே வராத மாதங்களில் கையை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் செய்தவர். “தொட்டாத்தான் டொக்டர். தொடாட்டி வெறும் கதை” என்பது அவருடைய வாய்ப்பாடு. அவருக்கு நானும் “பிள்ளை”, கட்டிலில் கிடக்கிற நோயாளிப் பிள்ளையும் “பிள்ளை”. வந்த புதிதில் ஒருநாள் அவர் “பிள்ளை, வாயைத் திற” என்றபோது நான் திறந்துவிட்டேன். அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது. ரெட்டைப் பின்னல், தோய்த்துத் தோய்த்து மங்கிய வெள்ளைச் சட்டை. தொப்புளுக்கு மேலே ஒரு கையை வைத்தபடியேதான் எங்கள் வாசலுக்குள் வருவாள். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் நோ வரும், பொழுதுபடும் நேரத்தில் வரும், சில நாட்களில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பாள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரத்தம் பார்த்தோம், சலம் பார்த்தோம். வவுனியாவுக்கு அனுப்பி ஸ்கான் எடுத்தோம். ஒன்றும் இல்லை. தாய் சாத்திரம் பார்த்து, நூல் கட்டி, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டாள். வைகாசிப் பொங்கலும் வந்து போனது. நோ மட்டும் போகவில்லை.

“ஒண்டும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டுறியள், டொக்டர். ஒண்டும் இல்லாததுக்கு ஏன் பிள்ளை சுருண்டு கிடக்குது?” என்று தாய் கேட்பாள். அவள் கேட்டது நியாயம்.

தகப்பன் அதிகம் பேசமாட்டார். இடம்பெயர்ந்து, வவுனியாவில் முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, பாதை திறந்த கையோடு முதல் ஆட்களில் ஒருவராகத் தன் காணிக்குத் திரும்பியவர். இறங்கிய அன்று மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு அழுதார் என்று தாய் சொன்னாள். குளத்துக்குக் கீழே வயல், இடிந்த வீட்டுக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில், புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள். அவருக்கு அவ்வளவும் போதும். மகளுக்கு நோ வந்தால் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

வவுனியாவில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். ஆவணி விடுமுறைக்குள் நோ நிற்காவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்பண்டிக்ஸை எடுத்துவிடலாம். அதில் சந்தேகம் இருந்தால் சந்தேகம் தீரும். அவர் கெட்டவர் இல்லை, ஒரு வைத்தியர் நினைக்கக்கூடியதைத்தான் நினைத்தார். பெரிய டொக்டருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. அந்த வயிற்றை நானும் எத்தனையோ தரம் அழுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு குற்றமும் இல்லாத வயிற்றை, எங்களுக்கு விளங்கவில்லை என்பதற்காக வெட்டுவதா? பிள்ளையின் மனதில் ஏதோ இருக்கிறது என்றேன். “இருக்கட்டும். ஆர் பாக்கிறது? பிள்ளையளின்ர மனம் பாக்கிற டொக்டர் வன்னியில எங்கை இருக்கிறார்?” என்று கேட்டார் அவர்.

வன்னியில் இல்லைத்தான். என்னோடு படித்த ஒருத்தி லண்டனில் இருந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரியில், நோவோடு வரும் பிள்ளைகளோடு பேசுவதையே வேலையாகச் செய்யும் உளவியலாளர் ஒருவர் இருந்தார். சென்னையில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ்ப் பிள்ளை என்றதும், கிழமைக்கு ஒருமுறை இணையத்தில் பேசுகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதுக்குடியிருப்பில் ஒரு தொண்டு அலுவலகத்தில் கூரையில் பெரிய டிஷ் பூட்டி இணையம் வைத்திருந்தார்கள். புதன்கிழமை பின்னேரங்களில் ஒரு கொம்பியூட்டரைத் தருவதாகச் சம்மதித்தார்கள்.

பெரிய டொக்டருக்குச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உந்தப் பெட்டிக்குள்ளால கையை விட்டு அவா வயித்தைத் தொடுவாவோ?”

“தொடமாட்டா. கதைப்பா.”

“அப்ப கதை வைத்தியம்.”

“ஓம், கதை வைத்தியம்தான். ஆவணி வரைக்கும் விட்டுப் பாருங்கோ.”

“சரி பிள்ளை. ஆவணி வரைக்கும். அங்கால நான் பொறுக்க மாட்டன்.”

முதல் புதன்கிழமை என்னுடைய மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் இருத்திக் கூட்டிப் போனேன். சில நிமிடங்கள் குரல் வந்தது. “கண்ணா, சாப்ட்டியா? வயிறு இப்ப வலிக்குதா?” என்று அந்தப் பெண் கேட்டதும் பிள்ளை கண்ணை அகல விரித்து என் பக்கம் திரும்பினாள். “டொக்டர், படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறா!” அதற்குள் குரல் உடைந்து, படம் நின்று, அவருடைய நெற்றி மட்டும் திரையில் மிஞ்சியது. பிறகு எழுதிப் பேசுவது என்று முடிவாயிற்று. அந்தக் கொம்பியூட்டரில் தமிழ் எழுத்து இல்லை. இங்கிலீசு எழுத்தில் தமிழை எழுத வேண்டும். பிள்ளை ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். பிழையில்லாமல் தட்டினாள்.

உளவியலாளர் ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளை பேசுவது பிள்ளைக்குச் சொந்தம், அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையின் வயிற்று நோவைத் தாய், சித்தி, பக்கத்துக் கட்டில்காரி, தேத்தண்ணி கொண்டுவந்தவர் எல்லோரும் சேர்ந்துதான் விளங்கப்படுத்துவார்கள். ஆகவே நான் வெளியே வேம்புக்குக் கீழே இருந்து ஜெனரேற்றர் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளை உள்ளே தனியாக இருந்தாள். ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு திரை. அவளுடைய வாழ்க்கையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் இருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இரண்டாவது கிழமை உளவியலாளரிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. பிள்ளை பக்தி மிகுந்தவளா, எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்று மந்திரம் எழுதுகிறாளே என்று கேட்டிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்களுக்கு ‘ஆமாம்’ என்பது ஓம் என்று விளங்கப்படுத்தி எழுதினேன். பெரிய டொக்டருக்குச் சொன்னபோது, “அங்கை இருந்து பாக்க நாங்கள் எல்லாரும் முனிவர்மார்தான்” என்றார். அந்தச் சிரிப்போடு மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பக்கத்திலும் நினைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் நல்ல செய்தி. இந்தக் கிழமை வலி இல்லை என்கிறாள். இந்தக் கிழமையும் இல்லை. பிள்ளை கெட்டிக்காரி, நன்றாக ஒத்துழைக்கிறாள். இப்படியே போனால் நான் விலகிக்கொள்ளலாம். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பெரிய டொக்டருக்கு முன்னால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் நடந்திருப்பேன்.

ஆடி மாத நடுவில் ஒரு காலைநேரம் தாய் பிள்ளையைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்தாள். பிள்ளை வெளிறிப்போய் இருந்தாள்.

“எப்ப தொடக்கம்?” என்று கேட்டேன்.

“எப்ப விட்டது, டொக்டர்? அதே மாதிரித்தானே இருக்கு. நேற்றும் சத்தி எடுத்தவள்.”

பெரிய டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அந்த மின்னஞ்சல்களைச் சொன்னேன். புதன்கிழமை தோறும் நோ இல்லை என்று இவளே சொல்லியிருக்கிறாள் என்றேன். தாய் திகைத்து மகளைப் பார்த்தாள். பெரிய டொக்டருக்கு வந்ததே கோபம்.

“அப்ப ஆருக்குப் பொய் சொல்லுறாய்? கொம்மாவுக்கோ, அந்தப் பெட்டிக்கோ? உண்மையைச் சொல்லு. கள்ளி!”

பிள்ளை அழவில்லை. தொப்புளுக்கு மேலே வைத்த கையை எடுக்கவும் இல்லை. சீமெந்துத் தரையில் இருந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நோ கண்ணுக்குத் தெரியாத நோ. அதற்கு இருந்த ஒரே சாட்சி அவளுடைய வாய்தான். அந்த வாயையும் கள்ள வாய் என்று சொல்லிவிட்டால் அவளிடம் வேறு என்ன மிச்சம்? பெரிய டொக்டர் கடிதத்தாளை எடுத்து வவுனியாவுக்கு எழுதத் தொடங்கினார். கொண்டுபோய் வெட்டட்டும் என்ற முடிவு அவருடைய பேனை அழுத்தத்திலேயே தெரிந்தது.

நான் பிள்ளையை வெளியே மர வாங்கில் இருத்தி, பக்கத்தில் இருந்தேன்.

“நான் ஏசமாட்டன். அந்த அன்ரி நோவைப் பற்றிக் கேட்டா நீ என்ன சொல்லுறனி?”

“நோ எண்டு சொல்லுறனான்.”

“அதுதான் கேக்கிறன். நோ எண்டா? இல்லை எண்டோ?”

“இல்லை, டொக்டர்.”

“நோ இல்லை எண்டோ?”

“இல்லை, டொக்டர்! நோ எண்டா நோ!” பொறுமை இழந்து என் முகத்தைப் பார்த்தாள். இந்த டொக்டருக்குத் தமிழும் தெரியாதா என்பது போன்ற ஒரு பார்வை.

“எப்பிடி எழுதினனி? எழுதிக் காட்டு.”

வாங்கில் இருந்து இறங்கிக் குந்தி, மண்ணில் விரலால் இரண்டு இங்கிலீசு எழுத்து எழுதினாள். ஒரு என். ஒரு ஓ.

வலி இருக்கிறதா என்று ஒவ்வொரு புதன்கிழமையும் லண்டனில் இருந்து கேள்வி வந்திருக்கிறது. ஒவ்வொரு புதன்கிழமையும் இந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி, நோ என்று எழுதியிருக்கிறாள். சென்னையில் பிறந்து லண்டனில் இருக்கிறவர் அந்த இரண்டு எழுத்தையும் இங்கிலீசாக வாசித்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

“அதுக்கு அவா என்ன எழுதுவா?”

“சூப்பர் எண்டு எழுதுவா. ரொம்ப சந்தோசம் எண்டு எழுதுவா. சிரிக்கிற மஞ்சள் முகமும் போடுவா.”

“உனக்கு அது வித்தியாசமாப் படேல்லையோ? நோகுது எண்டா ஆரும் சந்தோசப்படுவினமோ?”

“முதல்ல ஒரு மாதிரி இருந்தது. பேந்து அது நல்லா இருந்தது, டொக்டர். வீட்டில நோ எண்டா அம்மா அழுவா. அப்பா வெளியால போயிடுவார். பெரிய டொக்டர் ஏசுவார். அந்த அன்ரியிட்டச் சொன்னா மட்டும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கிறேல்லை. அதுதான் அவாவிட்டச் சொல்ல விருப்பம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் சமாளிக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்ப் பெரிய டொக்டரின் மேசையில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். மேசையில் தட்டித் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

“அப்ப பிள்ளை பொய் சொல்லேல்லை” என்றார்.

“இல்லை.”

“நான் கள்ளி எண்டனான்.”

வாயைத் திறந்திருந்தால் நான் கனக்கச் சொல்லியிருப்பேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார், கிழிக்கவில்லை.

நடந்ததை லண்டனுக்கு எழுதினேன். அடுத்த புதன்கிழமை குரலில்தான் பேச வேண்டும் என்று உளவியலாளர் பிடிவாதமாக நின்றார். நானும் பக்கத்தில் இருக்கலாமா என்று பிள்ளையிடம் கேட்டு, அவள் ஓம் என்றதும் என்னை உள்ளே விட்டார்கள். ஒரு ஹெட்போன்தான் இருந்தது. ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு என்று தலையோடு தலை முட்டிக்கொண்டு இருந்தோம். அதிர்ஷ்டத்துக்கு அன்று குரல் உடையவில்லை.

“கண்ணா, நோன்னா வலின்னு எனக்குத் தெரியல. மத்த எல்லாத்துக்கும் நீ இல்லைன்னுதான் எழுதின. அதுக்கு மட்டும் நோன்னு எழுதின. அப்பவே நான் ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு. மன்னிச்சிடும்மா.”

டொக்டர்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. பிள்ளையும் கேட்டிருக்கமாட்டாள். அவள் கூச்சத்தோடு பின்னலைத் திருகினாள்.

“பரவாயில்லை அன்ரி. நீங்கள் அவ்வளவு நாளும் சந்தோசமா இருந்தனீங்கள்தானே.”

அந்தப் பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது. பிறகு அவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். நோ வந்தால், அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும்? முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லு. நாங்கள் அத்தனை பேரும் நோவுக்கு முதல் என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய் என்றுதான் கேட்டிருந்தோம். நோவுக்குப் பிறகு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிள்ளை விரல் மடக்கிச் சொன்னாள். அம்மா அழுவா. நோ எண்ணெய் பூசுவா. அப்பா போயிடுவார். பிறகு ஆஸ்பத்திரி. “கனக்க வந்தா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவினம்.”

வவுனியா என்ற சொல்லில் அவளுடைய குரல் மாறியது. ஹெட்போன் இல்லாமலே அது எனக்குக் கேட்டிருக்கும்.

“வவுனியால என்ன இருக்கு?”

“என்ர ஊர் இருக்கு.”

அவள் சொன்னது முகாமை. தரப்பாளும் தகரமுமாக வரிசைக் கொட்டில்கள், ஒரு தண்ணிப் பைப், பைப்படியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விளையாடுகிற பிள்ளைகள். நினைவு தெரிந்த நாள் முதல் அவளுக்குத் தெரிந்த உலகம் அதுதான். பக்கத்துக் கொட்டிலில் ஒரு சினேகிதி. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்தவர்கள். அந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போகக் காணி இல்லாததால் அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ் அந்த முகாமைக் கடந்து போகும். ஜன்னல் பக்கம் இருந்தால் பைப்படி தெரியும். போனமுறை போகும்போது சினேகிதியின் தாய் குடத்தோடு நிற்பதைக் கண்டிருக்கிறாள். கத்திக் கூப்பிட்டும் கேட்கவில்லை.

“ஒப்பரேசன் எண்டா வவுனியா ஆஸ்பத்திரியில கன நாள் வாட்டில வைச்சிருப்பினமாம். அவளுக்குச் சொல்லி அனுப்பினா வந்து பாப்பாள். வெட்டட்டும் அன்ரி, எனக்குப் பயமில்லை.”

நானும் உளவியலாளரும் அவ்வளவு நாளும் பிள்ளை ஒப்பரேசனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அவளைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தோம். அவளோ அந்தக் கத்தியை நம்பி இருந்திருக்கிறாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பிள்ளை நடித்திருக்கிறாள் என்று சொல்லும் ஆட்களோடு நான் இன்றைக்கும் சண்டை பிடிப்பேன். நடித்துச் சத்தி எடுக்க முடியாது. நோ உண்மையான நோ. வீட்டில் அந்த முகாமின் பெயரைச் சொல்லவே கூடாது. “அந்த நரகத்தைப் பற்றி இஞ்சை கதைக்கப்படாது” என்று தகப்பன் கட்டளை போட்டிருந்தார். தினமும் பின்னேரம் வயலில் இருந்து வந்து, மகளை மடியில் இருத்தி, “இதுதான் உன்ர ஊர்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணைப் பூசிக்கொண்டு அழுத மனிதரிடம், எனக்கு இது ஊர் இல்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்? வாயால் சொல்ல வழியில்லாமல் போனது. வயிறு பிடித்துக்கொண்டது.

இதை அப்பாவிடம் யார் சொல்வது என்று உளவியலாளர் பிள்ளையையே கேட்டார். “பெரிய டொக்டர் சொன்னாத்தான் அப்பா கேப்பார்” என்றாள் அவள். கள்ளி என்றவரையே அவள் தெரிந்தெடுத்தாள்.

பெரிய டொக்டர் தகப்பனை வரவழைத்தார். நோயாளியின் முக்காலியில் இருத்தாமல், தன் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். நான் மருந்து அலுமாரியில் எதையோ தேடுவது போல நின்றேன்.

“வயிறு வெட்டத் தேவையில்லை. பிள்ளையை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆஸ்பத்திரிக்கு இல்லை. முகாமுக்கு.”

“அங்கையோ? என்ர கால் திரும்ப அங்கை படாது எண்டு அம்மனில சத்தியம் பண்ணினனான், டொக்டர்.”

“உனக்கு அது முகாம். அவளுக்கு அது ஊர். அவ்வளவு வருசமும் உன்ர ஊரை நினைச்சு நீ அழுதனி. அவள் தன்ர ஊரை நினைச்சு அழக் கூடாதோ?”

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளங்கைக் காய்ப்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கு அவள் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே” என்றார். அவர் எழுந்து போகும்போது பெரிய டொக்டரும் கதவு வரைக்கும் போய், வெளியே வாங்கில் இருந்த பிள்ளையின் முன் நின்றார். சட்டைப்பைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தார். “நீ கள்ளி இல்லை, பிள்ளை. நான்தான் வடிவாக் கேக்கேல்லை” என்றார். ‘பிள்ளை’ என்றது என்னை இல்லை என்பது எனக்கு அன்று விளங்கியது.

ஆவணி விடுமுறையில் இருவரும் போனார்கள். போய் வந்த கதையைத் தகப்பன் சுருக்கமாகத்தான் சொன்னார். வாசலில் நின்றுகொள்ளலாம் என்று நினைத்தாராம். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாளாம். பைப்படியில் இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு கால் தானாக உள்ளே போய்விட்டதாம். அவருடைய பழைய கொட்டிலில் இப்போது வேறு ஒரு குடும்பம். அவர்கள் தேத்தண்ணி கொடுத்தார்களாம், குடித்தாராம். “சத்தியத்தை அம்மன் மன்னிப்பா எண்டு நினைக்கிறன்” என்றார்.

நோ ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். பிறகும் இடைக்கிடை வந்தது. ஆனால் வந்தால் பிள்ளை வாயைத் திறந்து சொன்னாள். இன்றைக்குச் சினேகிதியின் நினைப்பாக இருக்கிறது என்றாள். தகப்பனும் மண்வெட்டியை எடுக்காமல் பக்கத்தில் இருந்தார். கடைசிப் புதன்கிழமை பிள்ளை ‘நோ இல்லை’ என்று இங்கிலீசு எழுத்தில் எழுத, உளவியலாளர், “இதில் எந்த நோ?” என்று எழுதிக் கேட்டாராம். இரண்டு தரம் கேட்டாராம். பிள்ளை சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். எனக்கு அவர் எழுதிய கடைசி மின்னஞ்சலில், “என் காது அங்கே வரை வந்தது. ஆனால் நான் கேட்டது சரியா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்” என்றிருந்தார். அதைவிட நேர்மையான கருத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பெரிய டொக்டர் தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்றால், வாயால் மாற்றவில்லை. “பெட்டியும் பிழை விட்டது, நாங்களும் பிழை விட்டம். பெட்டி முதல்ல மன்னிப்புக் கேட்டது” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு வயிற்றைத் தொட்டுவிட்டு, கையை எடுக்காமல், “நோ வந்தா பேந்து என்ன நடக்கும்?” என்று பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கினார்.

நான் மாற்றலாகி வவுனியாவுக்கு வந்தேன். பிறகு பாதை மூடியது, சண்டை வந்தது. அந்தச் சண்டை முடிந்த வருடம் வன்னிச் சனம் முழுவதும் வவுனியாவுக்கு அப்பால் காடு வெட்டிப் போட்ட முகாம்களுக்குள் வந்து சேர்ந்தது. நான் அங்கே கொட்டில் போட்ட கிளினிக் ஒன்றில் வேலை செய்தேன். வரிசைக்கு முடிவே இருக்காது. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு பார்வை, ஒரு கேள்வி, ஒரு பனடோல் மாத்திரை.

ஒருநாள் வரிசையில் ஒரு குமர்ப்பிள்ளை, மெலிந்துபோன ஒரு மனிதரைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். மனிதர் தொப்புளுக்கு மேலே கையை வைத்திருந்தார். கையை அப்படி வைப்பதை நான் முன்பே கண்டிருக்கிறேன். அன்று மகள் வைத்த அதே இடத்தில் இன்று தகப்பன் வைத்திருந்தார். அவளை உற்றுப் பார்த்தேன். ரெட்டைப் பின்னல் இல்லை.

“உனக்கு எப்பிடி, வயிறு?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டும் இல்லை, டொக்டர். அப்பாவுக்குத்தான். மூண்டு இடத்தில காட்டிப்போட்டன். ஒண்டும் இல்லையாம், நடிக்கிறாராம்.” தகப்பன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தரப்பாளும் தகரமும், பைப்படியில் குடங்களும்.

அவள் குனிந்து என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

“அவருக்கு வாயால சொல்லத் தெரியாது, டொக்டர். நீங்கள் ரெண்டு தரம் கேளுங்கோ. நோ எண்டு சொன்னா, நோ எண்டு நம்புங்கோ.”

வரிசை நீண்டு கிடந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பேனையை வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருத்தினேன். அவருடைய கைக்கு மேலே என் கையை வைத்து, நோகிறதா என்று இரண்டு தரம் கேட்டேன்.